பிறர் கொள்கையை அளக்கும் தராசு

வாணிபம் செய்வோருக்குத் தராசைப் பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை. முள் எந்தப் பக்கம் சாய்கிறது, தட்டின் அடியில் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா, எடைக்கல் தேய்ந்திருக்கிறதா என்பதையெல்லாம் பார்த்த மாத்திரத்தில் அறியும் கண் நம்மவர்க்கு உண்டு. அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்பவர்களை எச்சரித்துக்கொண்டே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் தொடங்குகிறது. தனக்கு வாங்கும்போது நிறையவும் பிறருக்குக் கொடுக்கும்போது குறையவும் அளப்பவனை இறைவன் அங்கே கண்டிக்கின்றான்.

ஆனால் நிறுவை மோசம் என்பது அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் உரியதா? ஒரு சமயத்தார் மற்றொரு சமயத்தாரை நாள்தோறும் அளந்துகொண்டுதான் இருக்கிறார்கள். நம்முடைய கொள்கையைச் சொல்லும்போது அதன் மிகச் சிறந்த வடிவத்தை எடுத்து வைக்கிறோம். பிறருடைய கொள்கையைச் சொல்லும்போதோ, அதில் மிக மட்டமானதாகத் தோன்றும் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, ‘அவர்கள் நம்புவது இதுதான்’ என்று தட்டில் வைத்துவிடுகிறோம். இதுவும் நிறுவை மோசம் ஆகாதா? இதற்கு மட்டும் மறுமையில் கேள்வி கணக்கு இல்லாமற் போகுமா?

இக்கேள்வியைச் சிந்திப்பதற்கு உதவியாக ஒரு பழைய சரித்திரத்தை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஈஸா (அலை) அவர்கள் மனிதரா, தெய்வமா, இரண்டும் ஒருங்கே கூடியவரா என்று கிறிஸ்தவர்கள் தமக்குள்ளேயே பல நூற்றாண்டுகள் நடத்திய வாதப் பிரதிவாதத்தின் சரித்திரம் அது. அவர்கள் வீட்டுச் சண்டை நமக்கெதற்கு என்று வாசகர்கள் எண்ணலாகாது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் கடைகளுக்கு வருவோரிலும், நம் பிள்ளைகளோடு பள்ளியில் படிப்போரிலும் கிறிஸ்தவர்கள் பலர் இருக்கிறார்கள். பேச்சு நபிமார்களைப் பற்றித் திரும்பினால், நம்மவர்களில் சிலர் சட்டென்று ஒன்று சொல்வதுண்டு: “நிசேயா மாநாட்டில் ரோமச் சக்கரவர்த்தி ஓட்டெடுத்து ஈஸாவைக் கடவுளாக்கிவிட்டான், அதற்குமுன் அவர்கள் எல்லாரும் நம்மைப் போலத்தான் நம்பினார்கள்.” சொல்வதற்குச் சுலபம், கேட்பதற்கும் சுவை. அது சரியான எடைதானா என்பதை நாம் பார்க்க வேண்டாமா?

முதலில் ஒன்றை ஐயத்திற்கிடமின்றிச் சொல்லிவிடுகிறோம். அல்லாஹ் ஒருவன், அவன் எவரையும் பெறவில்லை, எவராலும் பெறப்படவுமில்லை. ஈஸா (அலை) அவனுடைய அடியார், அவனுடைய தூதர், கன்னி மரியம் (அலை) அவர்களின் மைந்தர். இது நம் ஈமான். இதில் கூட்டவோ குறைக்கவோ எவருக்கும் உரிமையில்லை. இக்கட்டுரை நம் ஈமானைப் பற்றியதன்று. பிறர் கொள்கையை எடுத்துப் பேசும்போது நம் கையிலிருக்க வேண்டிய நீதியைப் பற்றியது.

நிசேயாவில் நடந்தது என்ன?

கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்றொரு பாதிரியார் இருந்தார். இறைவன் ஒருவனே ஆதியில்லாதவன். ‘மகன்’ எனப்படுபவர் எவ்வளவு உயர்ந்தவராயினும் படைக்கப்பட்டவரே என்று அவர் போதித்தார். அவ்வூர் பிஷப்பாகிய அலெக்சாண்டரும், அவருக்குப்பின் அப்பதவிக்கு வந்த அத்தனாசியுஸும் இதை மறுத்தனர். படைப்பினம் ஒன்று மற்றப் படைப்பினங்களை ஈடேற்ற முடியாது; ஆதலின் மீட்பளிக்க வந்தவர் இறைவனின் சாரத்தையே உடையவராக இருந்தாக வேண்டும் என்பது அவர்களின் வாதம்.

கான்ஸ்டண்டைன் சக்கரவர்த்திக்கு இந்தச் சண்டை முதலில் விளங்கவேயில்லை. இரு தரப்பாருக்கும் அவர் அனுப்பிய கடிதத்தில், இஃதோர் அற்ப விஷயம், இதற்காகப் பிரிந்து நிற்க வேண்டாம் என்ற கருத்தைத்தான் எழுதினார். பேரரசில் ஒற்றுமை வேண்டும் என்பதே அவருடைய கவலை. கடிதத்தால் காரியம் ஆகாமற்போகவே, 325-ல், இன்று துருக்கி நாட்டில் இஸ்னிக் என வழங்கும் நிசேயா நகரில் ஏறத்தாழ 300 பிஷப்புகளைக் கூட்டினார். ‘மகன்’ தந்தையோடு ஒரே சாரமுடையவர் என்று அம்மாநாடு எழுதிவைத்தது. ஆரியுஸும், கையொப்பமிட மறுத்த இரண்டு பிஷப்புகளும் நாடுகடத்தப்பட்டனர்.

அங்கே சக்கரவர்த்தியின் செல்வாக்கு இருந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கிறிஸ்துவை வணங்கும் வழக்கம் அந்த மாநாட்டில்தான் பிறந்தது என்பது சரித்திரத்துக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 112-ஆம் ஆண்டில், நிசேயா நகரம் அடங்கிய அதே பித்தினியா மாகாணத்தை ஆண்ட பிளினி என்னும் ரோம அதிகாரி தம் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினார். அங்குள்ள கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாகக் கருதித் துதி பாடுகிறார்கள் என்று அதில் அறிவித்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவர்களை விசாரித்துத் தண்டித்தவர். மாநாட்டுக்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்ட சாட்சியம் இது.

ஆரியுஸை நம்மவராகக் கொண்டாடுவதும் சரியன்று. ‘மகன்’ படைக்கப்பட்டவர் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் உலகம் தோன்றுமுன்பே படைக்கப்பட்டவர், அவர் வழியாகவே உலகம் உண்டாயிற்று என்றும் அவர் நம்பினார். மரியம் (அலை) அவர்களின் வயிற்றில் பிறந்த மனிதர், மற்ற நபிமார்களைப் போல் ஒரு நபி என்னும் நம் கொள்கைக்கும் அதற்கும் வெகு தூரம். ஆகவே அத்தனாசியுஸை நாம் குறைத்தும் அளக்கக்கூடாது. ஆரியுஸைக் கூட்டியும் அளக்கக்கூடாது. ஒருவர் அஞ்சியது இறைவனின் தனித்தன்மைக்குக் குறை வந்துவிடுமோ என்று. மற்றவர் அஞ்சியது மனிதனின் ஈடேற்றத்துக்கு வழி அடைபட்டுவிடுமோ என்று. இருவர் முடிவையும் நாம் ஏற்கவில்லை. ஆனால் இருவரும் பதவிக்காகவோ பணத்துக்காகவோ கதை கட்டினார்கள் என்று சொன்னால் அது அநியாயம்.

அரசன் விரல்

நிற்க. மாநாடு முடிந்ததும் சண்டை முடிந்ததா? அதுதான் இல்லை. ஆரியுஸின் எழுத்துக்களைத் தீயிலிடும்படி ஆணையிட்ட அதே கான்ஸ்டண்டைன், சில ஆண்டுகளில் அவரைத் திரும்ப அழைத்தார். இப்போது அத்தனாசியுஸை நாடுகடத்தினார். 337-ல் மரணப்படுக்கையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிஷப், ஆரியுஸுக்குத் துணைநின்றவர்! அவருடைய மகன் கான்ஸ்டண்டியுஸ் நிசேயாவின் முடிவை மாற்றுவதற்காகவே மாநாடு மேல் மாநாடு கூட்டினார். 4 சக்கரவர்த்திகளின் ஆட்சியில் அத்தனாசியுஸ் 5 முறை நாடுகடத்தப்பட்டார். அவ்வாறு கழிந்த ஆண்டுகள் ஏறத்தாழ 17. பின்னர் 380-ல் தியோடோசியுஸ் சக்கரவர்த்தி நிசேயாவின் கொள்கையையே பேரரசின் சமயமாக்கினார். முள் மீண்டும் மறுபக்கம் சாய்ந்தது.

தராசுத் தட்டில் கடைக்காரன் விரல் பட்டால் எடை கெட்டது என்கிறோம். மனச்சாட்சியின் தட்டில் அரசன் விரலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. ஒரு சக்கரவர்த்தியின் காலத்தில் பக்திமான் எனப்பட்டவன் மறு சக்கரவர்த்தியின் காலத்தில் பதிதன் ஆனான். அவனுடைய நம்பிக்கை மாறவில்லை, அரண்மனைதான் மாறியது.

இந்தக் குழப்பத்தினூடே உருப்படியான காரியம் ஒன்றும் நடந்தது. அதை அதிகம் பேர் அறியார். 362-ல் அலெக்சாந்திரியாவில் அத்தனாசியுஸ் ஒரு சிறு கூட்டத்தைக் கூட்டினார். இறைவனைப் பற்றிப் பேசும்போது ஒரு சாரார் ஒரு கிரேக்கச் சொல்லை ‘மூன்று’ என்று சேர்த்து வழங்கினர். மற்றொரு சாரார் அதே சொல்லை ‘ஒன்று’ என்று சேர்த்து வழங்கினர். ஒருவரையொருவர் பதிதர் என்று ஏசிக்கொண்டனர். அத்தனாசியுஸின் கூட்டம் தீர்ப்புச் சொல்ல அவசரப்படவில்லை. “இச்சொல்லால் நீங்கள் என்ன கருதுகிறீர்கள்?” என்று இரு சாராரையும் தனித்தனியே விசாரித்தது. விசாரித்துப் பார்த்தபோது, சொல் வேறாயினும் இருவர் கருத்தும் ஒன்றே என்பது வெளிப்பட்டது.

ஊருக்கு ஊர் படியும் மரக்காலும் வேறுபட்டிருந்த காலத்தை நம் பெரியோர்கள் அறிவார்கள். விலை அதிகம் என்று சண்டை போடுமுன், ‘எந்த ஊர்ப் படி?’ என்று கேட்பது வியாபாரியின் புத்தி. அந்தப் புத்தி சமய வாதத்தில் மட்டும் பலருக்கு வருவதில்லை.

எபேசுவும் கால்சிடோனும்

அடுத்த நூற்றாண்டில் வாதம் வேறு உருவெடுத்தது. கிறிஸ்து தெய்வமுமாவார், மனிதருமாவார் என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டனர். அவ்விரண்டும் ஒருவரிடத்தில் எப்படிச் சேர்ந்திருக்கக் கூடும் என்பதே இப்போது கேள்வி. கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைக் குருவாக 428-ல் வந்த நெஸ்தோரியுஸ், மரியம் (அலை) அவர்களைக் ‘கடவுளைப் பெற்றவள்’ என்று அழைப்பது பொருந்தாது என்று கருதினார். தெய்வத்துக்குப் பிறப்பும் பசியும் மரணமும் சொல்லலாகாது. அவை மனிதத் தன்மைக்கே உரியவை என்பது அவர் எண்ணம். அலெக்சாந்திரியாவின் சிரில் இதைக் கடுமையாக எதிர்த்தார். இப்படிப் பிரித்தால் ஒரே கிறிஸ்து இருவராகிவிடுவார் என்றார்.

431-ல் எபேசு நகரில் மாநாடு கூடிற்று. அந்தியோக்கியாவிலிருந்து வரவேண்டிய பிஷப்புகள் வந்து சேருமுன்பே, சிரில் கூட்டத்தைத் தொடங்கி நெஸ்தோரியுஸைப் பதவிநீக்கம் செய்துவிட்டார். பிந்தி வந்தவர்கள் தனியே கூடிச் சிரிலைப் பதவிநீக்கம் செய்தனர். எதிர்த் தரப்பு வருமுன்பே கணக்கை முடித்துவிட்ட பஞ்சாயத்துக்கு எவ்வளவு மதிப்பு இருக்குமோ அவ்வளவுதான் இதற்கும். இறுதியில் அரசு சிரில் பக்கம் சாய்ந்தது. நெஸ்தோரியுஸ் எகிப்தின் பாலைவனப் பகுதிக்குக் கடத்தப்பட்டு அங்கேயே மடிந்தார்.

‘இரண்டு கிறிஸ்து உண்டென்று போதித்தவன்’ என்று நெஸ்தோரியுஸின் பெயர் ஏறத்தாழ 1500 ஆண்டுகள் பழிக்கப்பட்டு வந்தது. நாடுகடத்தலில் இருந்தபோது அவர் எழுதிய ஒரு நூல், கிரேக்க மூலம் அழிந்துபோக, சிரியாக் மொழிபெயர்ப்பாக மட்டும் தப்பியிருந்தது. அது 1910-ல் அச்சேறியது. அதைப் படித்த அறிஞர்கள் பலர், அவர்மீது சாட்டப்பட்ட கொள்கை அவர் கொண்ட கொள்கையன்று என்று எழுதினர். அந்நூலின் தலைப்பிலுள்ள சிரியாக் சொல்லுக்கு ‘வாணிபம்’ என்றும் பொருள் உண்டு. அதனால் ஐரோப்பியர் அதைப் ‘பஜார்’ என்றே பெயர் சொல்லி அழைத்தனர். அந்தப் பஜாரில் ஒருவர் சரக்குக்குச் சரியான எடை கிடைக்க 1500 ஆண்டுகள் ஆயின!

449-ல் எபேசுவில் மறுபடியும் கூடிய மாநாட்டில் கான்ஸ்டாண்டிநோபிளின் தலைமைக் குருவான பிளாவியன் தாக்கப்பட்டுச் சின்னாட்களில் இறந்தார். 451-ல் கால்சிடோனில் கூடிய பெரிய மாநாடு, கிறிஸ்து ஒருவரே, தன்மைகள் இரண்டு, அவை கலப்பதுமில்லை பிரிவதுமில்லை என்று வரையறுத்தது. எகிப்திலும் சிரியாவிலும் பெரும்பாலோரும், ஆர்மீனியரும் அபிசீனியரும் இதை ஏற்கவில்லை. ஏற்காத எகிப்தியர்மீது அரசு சுமத்திய தலைமைக் குருவை 457-ல் அலெக்சாந்திரியாவின் மக்கள் கூட்டம் கொன்றுபோட்டது. நெஸ்தோரியுஸைப் போற்றிய கீழ்த்திசைத் திருச்சபையோ பாரசீகத்தில் தங்கி, வணிகப் பாதைகளின் வழியே மலையாளக் கரைக்கும் சீனத்துக்கும் சென்றது. இன்று நம் நகரங்களில் நாம் காணும் மலையாளிச் சிரியன் கிறிஸ்தவர்களின் சரித்திரம் இந்தப் பிரிவுகளோடு பின்னிக் கிடக்கிறது.

சக்கரவர்த்திகள் பிறகும் ஓயவில்லை. 7-ஆம் நூற்றாண்டில், தன்மை இரண்டாயினும் சித்தம் ஒன்றே என்று ஒரு சமரசச் சூத்திரத்தை அரசே இயற்றிற்று. பின்பு அதைப் பற்றிப் பேசுவதையே தடை செய்தது. மக்ஸிமுஸ் என்னும் முதிய துறவி அடங்க மறுத்தார். கிறிஸ்துவிடம் மனிதச் சித்தமும் இருந்தாக வேண்டும் என்றார். 662-ல் அவருடைய நாவையும் வலக்கையையும் வெட்டி, கருங்கடலுக்கு அப்பால் துரத்தினார்கள். அவ்வாண்டிலேயே அவர் இறந்தார். 680-ல் அதே தலைநகரில் கூடி மறு ஆண்டில் முடிந்த மாநாடு, மக்ஸிமுஸ் சொன்ன கொள்கையே சரியென்று முடிவு செய்தது! அறுத்த நாவை யார் ஒட்டவைப்பது?

இவ்வளவு துன்பத்துக்கும் பின்னர் நிகழ்ந்ததையும் சொல்லிவிட வேண்டும். 1973-ல் ரோமாபுரிப் போப் ஆறாம் பால் அவர்களும் எகிப்துக் கோப்து சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூடா அவர்களும் கிறிஸ்துவைப் பற்றிய ஒரு பொது அறிக்கையில் கையொப்பமிட்டனர். 1984-ல் சிரியன் சபையோடும், 1994-ல் நெஸ்தோரியச் சபை என்று பிறர் அழைத்துவந்த அசீரியச் சபையோடும் போப் இரண்டாம் ஜான் பால் அத்தகைய அறிக்கைகளை வெளியிட்டார். பழைய பிரிவினைக்குச் சொற்களின் வேறுபாடும், ஒருவர் கருத்தை மற்றவர் சரியாக அறியாததும் பெரிதும் காரணம் என்பது இவற்றால் விளங்கிற்று. ‘எந்த ஊர்ப் படி?’ என்ற கேள்வியைக் கேட்பதற்கு 15 நூற்றாண்டுகள் சென்றன.

அபிசீனியாவும் எகிப்தும்

இனி நம் சரித்திரத்தைப் பார்ப்போம். மக்காவின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்களில் ஒரு கூட்டத்தார் ஏறத்தாழ 615-ல் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் செய்தனர். அடைக்கலம் தந்த நஜ்ஜாஷி மன்னர் கிறிஸ்தவர். அகதிகளைத் திருப்பி அழைத்துவரக் குறைஷிகள் அனுப்பிய தூதர்களில் ஒருவர் அம்ர் இப்னுல் ஆஸ். அவர் அப்போது முஸ்லிம் ஆகவில்லை. பதனிட்ட தோல்களைக் காணிக்கையாக வைத்துக் கேட்டும் முதல் நாள் காரியம் பலிக்கவில்லை. மறுநாள் அவர் ஒரு சூழ்ச்சி செய்தார். “இவர்கள் ஈஸாவைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்” என்று மன்னரைத் தூண்டினார். கொள்கை வேற்றுமையைக் கத்தியாகத் தீட்டும் வேலை அது.

அகதிகளின் சார்பில் பேசிய ஜஃபர் (ரலி) அவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். மறைத்தால் உயிர் பிழைக்கலாம். சொன்னால் அடைக்கலம் போகலாம். அவர் மறைக்கவில்லை. ஈஸா (அலை) அல்லாஹ்வின் அடியார், தூதர், கன்னி மரியத்திடம் அவன் இட்ட சொல் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். அதே வேளையில் மன்னரின் சமயத்தை இழித்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நஜ்ஜாஷி தரையிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, நீர் சொன்னதற்கும் ஈஸாவின் உண்மை நிலைக்கும் இக்குச்சியளவு வித்தியாசமுமில்லை என்றதாகவும், காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகவும் நம் சரித்திர ஆசிரியர்கள் எழுதுகின்றனர்.

ஆண்டுகள் உருண்டன. அந்த அம்ர் இஸ்லாத்தைத் தழுவி, 639-ல் எகிப்தின்மீது படை நடத்திச் சென்றார். கால்சிடோனை ஏற்காத கோப்துகளின் தலைமைக் குரு பென்யமீன், ரோமப் பேரரசின் அதிகாரிக்கு அஞ்சிப் பல ஆண்டுகளாக ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார். அம்ர் (ரலி) அவருக்கு அபயம் அளித்து எழுதி, அவர் வெளிவந்து தம் சபையை நடத்த இடமளித்தார். இதைக் கூறுவது நம் நூல்கள் அல்ல; கோப்துகளின் சொந்தச் சரித்திரம். ஒரு காலத்தில் கொள்கை வேற்றுமையை ஆயுதமாக்க முயன்றவர், அதே வேற்றுமையால் வேட்டையாடப்பட்ட ஒருவருக்குக் காவலாக நின்றார். இஸ்லாம் அவரிடம் செய்த மாற்றம் அது.

நம் வீட்டுக் கணக்கு

இத்தோடு நிறுத்திவிட்டால் வாசகர்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் நிறுவை நேர்மையாக இராது. நம் பேரேட்டில் பற்றுப் பக்கத்தையும் புரட்டத்தான் வேண்டும்.

அப்பாஸியக் கலீபா மஃமூன் 833-ல் ஓர் ஆணை பிறப்பித்தார். திருக்குர்ஆன் படைக்கப்பட்டது என்ற கொள்கையைக் காஜிகளும் உலமாக்களும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது ஆணை. இறைவனின் ‘சொல்’ அநாதியா, படைக்கப்பட்டதா என்ற கேள்வியின் சாயல், 500 ஆண்டுகளுக்குமுன் அலெக்சாந்திரியாவில் எழுந்த கேள்வியை நமக்கு நினைவூட்டவில்லையா? அங்கே நடந்ததே இங்கும் நடந்தது. அஞ்சியவர்கள் ஒப்புக்கொண்டனர். இமாம் அஹ்மது இப்னு ஹன்பல் (ரஹ்) ஒப்பவில்லை. விலங்கிட்டுச் சிறையில் வைத்தார்கள். அடுத்த கலீபா முஃதஸிமின் காலத்தில் கசையால் அடித்தார்கள். 846-ல் கலீபா வாஸிக், அஹ்மது இப்னு நஸ்ர் என்னும் பெரியாரைக் கொலை செய்வித்தார். பின்னர் முதவக்கில் பட்டத்துக்கு வந்ததும் எல்லாம் தலைகீழாயிற்று. விசாரணை நின்றது, விசாரித்தவர்கள் வீழ்ந்தனர். முள் மறுபக்கம் சாய்ந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மஃமூன் மூடரல்லர்; அறிவை வளர்த்தவர், பிறமொழி நூல்களை அரபியில் பெயர்க்கப் பெரும்பொருள் ஈந்தவர். அறிவில்லாதவன்தான் பலவந்தம் செய்வான் என்பதில்லை. தன் அறிவில் ஐயமே இல்லாதவனும் செய்வான். மார்க்கத்தில் வற்புறுத்தல் கூடாதென்று வேதம் கட்டளையிட்டிருக்க, வேதத்தின் பெயராலேயே வற்புறுத்தினார்கள். இமாம் அவர்களோ தம்மை அடிப்பித்த கலீபாவை மன்னித்துவிட்டதாகச் சொல்லப்படுகிறது. அவருடைய வெற்றி அந்த மன்னிப்பில்தான் இருக்கிறது.

இருட்டில் விழுந்த முத்து

பாக்தாதில் இதற்குச் சற்று முன்பு நடந்த வேறொரு சம்பவத்தைக் கூறி முடிக்க எண்ணுகிறோம். 775 முதல் 785 வரை ஆண்ட கலீபா மஹ்தி, கீழ்த்திசைத் திருச்சபையின் தலைவர் திமோத்தேயுவை அழைத்து இரண்டு நாட்கள் சமய வாதம் நடத்தினார். அதைத் திமோத்தேயுவே ஒரு கடிதத்தில் எழுதி வைத்துள்ளார். இறைவன் மனைவியைக் கொண்டு மகனைப் பெற்றான் என்று சொல்வது உம்மைப் போன்ற அறிஞருக்குத் தகுமா என்று கலீபா தொடங்கினார். அப்படிச் சொல்வது இறைநிந்தனை, அப்படிச் சொன்னவர் யார் என்று அவர் திருப்பிக் கேட்டார். அப்படியானால் நீர் கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதுதான் என்ன என்று கலீபா அடுத்துக் கேட்டார். அந்த இரண்டாவது கேள்வியில்தான் உண்மையான வாதம் ஆரம்பமாகிறது. ‘நீ நம்புவது இது’ என்று சொல்வதை விட்டு, ‘நீ நம்புவது என்ன?’ என்று அவர் கேட்டார்.

வாதத்தின் இறுதியில் திமோத்தேயு ஓர் உவமை கூறினார். இரவில், இருள் சூழ்ந்த வீட்டில் பலர் கூடியிருக்க, விலையுயர்ந்த முத்து ஒன்று கீழே விழுந்தது. எல்லாரும் தடவினர். ஒருவர் கையில் முத்து அகப்பட்டது. மற்றவர் கைகளில் கண்ணாடித் துண்டும் கல்லும் மண்கட்டியும். ஒவ்வொருவரும் தம் கையிலிருப்பதே முத்து என்று மகிழ்ந்தனர். வெளிச்சம் வந்தால்தான் உண்மை தெரியும் என்பது உவமை. முத்து தம் கையில் இருப்பதாகவே அவரும் நம்பினார், கலீபாவும் நம்பினார். எவரும் எவர் கையையும் முறித்துப் பார்க்கவில்லை. திமோத்தேயு பத்திரமாக வீடு திரும்பி, 823-ல் இறக்கும்வரை தம் சபையை நடத்தினார்.

காயலிலும் கீழக்கரையிலும் முத்து வாணிபம் செய்த முன்னோர்களின் வழிவந்தவர்கள் நம்மில் உண்டு. நல்ல முத்து தன்னிடம் உள்ளதென அறிந்தவன் பக்கத்துக் கடைக்காரன் முத்தைக் கல் என்று கூவிக்கொண்டிருக்க மாட்டான். தன் முத்தை வெளிச்சத்தில் வைப்பான். வாங்குபவன் பார்த்துக்கொள்ளட்டும் என்றிருப்பான். பிறர் கொள்கையை நியாயமாக அளந்தால் நம் ஈமான் தளர்ந்துபோகாதா என்று அஞ்சுவோருக்கு இதுவே விடை. ஜஃபர் (ரலி) அவர்களின் ஈமான் தளர்ந்ததா? குறைத்து அளந்துதான் காப்பாற்ற முடியும் என்றால், காப்பாற்றப்படுவது ஈமானன்று, நம் அகம்பாவம்.

சமயம் கடந்து செய்யவேண்டிய இந்த நீதியை நமக்குள்ளேயாவது செய்கிறோமா என்றால், அதுவும் ஐயமாயிருக்கிறது. மௌலிது ஓதுபவர் ஓதாதவரைப் பழிப்பதும், ஓதாதவர் ஓதுபவரை முஷ்ரிக் என்று தூற்றுவதும், ஒருவர் பின்னே மற்றவர் தொழ மறுப்பதும் நாம் அறியாதவை அல்ல. ‘நீங்கள் இதனால் என்ன கருதுகிறீர்கள்?’ என்று எதிர்த் தரப்பாரை ஒருமுறையேனும் உட்காரவைத்துக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர் சொல்லாததை அவர் வாயில் போட்டு, அதற்கு மறுப்பும் எழுதி, வெற்றி முழக்கமும் செய்துவிடுகிறோம். எபேசுவில் எதிர்த் தரப்பு வருமுன் கதவைச் சாத்தியவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே, அன்பார்ந்த வணிகப் பெருமக்களே! இனி ஒரு கிறிஸ்தவ நண்பரோடு ஈஸா (அலை) அவர்களைப் பற்றிப் பேச நேர்ந்தால், முதலில் அவரைக் கேளுங்கள். அவர் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்லி, ‘நான் விளங்கிக்கொண்டது சரிதானா?’ என்று கேளுங்கள். அவர் ‘ஆம்’ என்ற பிறகு உங்கள் ஈமானை ஒளிவு மறைவின்றி, இன்முகத்தோடு எடுத்துச் சொல்லுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர் பாடு. இதயங்களைப் புரட்டுபவன் அல்லாஹ்; அந்த வேலையை அவன் சக்கரவர்த்திக்கும் கொடுக்கவில்லை, கலீபாவுக்கும் கொடுக்கவில்லை, நமக்கும் கொடுக்கவில்லை.

மஹ்ஷரில் மீஸான் நாட்டப்படும் நாளில் நாம் விற்ற அரிசியின் எடை மட்டுமன்றி, நாம் பிறரைப் பற்றிச் சொன்ன சொல்லின் எடையும் பார்க்கப்படும். இரண்டிலும் குறைவு வைக்காத கூட்டத்தில் நம்மைச் சேர்த்துவைக்க வல்ல நாயன் அருள் புரிவானாக! ஆமீன்.